பிரெஞ்சு ஆய்வு முதுநிலைப் படிப்பு: மொழிச் சான்றிதழ் வாசற்படி மட்டுமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு படித்தவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பிரெஞ்சு மொழித் திறனை அளக்கும் டெல்ஃப், டால்ஃப் தேர்வுகளைப் பற்றி அதில் சொல்லியிருந்தவை சரியே. ஆனால் கட்டுரையின் முக்கால் பங்கு அத்தேர்வுகளுக்கே போய்விட்டதால், டால்ஃபின் சி1 என்னும் உயர்நிலைச் சான்றிதழ் கையில் இருந்தால் இடம் கிடைத்துவிடும் என்று மாணவர்கள் எண்ணிவிடக்கூடும். நெடுங்காலமாகப் பிரெஞ்சு கற்பித்து, இத்தகைய விண்ணப்பங்களுக்குப் பரிந்துரைக் கடிதமும் எழுதி வருபவள் என்ற முறையில், அந்த எண்ணத்தால் நல்ல மாணவர்கள் வாய்ப்பை இழந்ததைக் கண்டிருக்கிறேன்.

டால்ஃப் சி1 எழுத்துத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே பொருளைப் பற்றிய சில ஆவணங்களைக் கொடுத்து, அவற்றைச் சுமார் 220 சொற்களில் தொகுத்து எழுதச் சொல்கிறார்கள். அதில் எழுதுபவரின் சொந்தக் கருத்து தலைகாட்டக் கூடாது. அடுத்து வரும் கட்டுரைப் பகுதியில் கருத்துச் சொல்லலாம் என்றாலும் அதுவும் சுமார் 250 சொற்களில் முடிந்துவிடும். மொழித் திறனை அளக்க இது நல்ல தேர்வு. இதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஓராண்டு முழுவதும் இதற்கே பழகிய கை, விண்ணப்பம் எழுதும்போதும் பிறர் சொன்னவற்றை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு நின்றுவிடுகிறது. சேர்க்கைக் குழுவில் அமர்ந்திருப்பவர்களோ, இந்த மாணவருக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொண்டு, இவர் எதைத் தெரிந்துகொள்ள வருகிறார் என்பதைத்தான் அதன் பிறகு தேடுகிறார்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தில் விளக்கும் நோக்க அறிக்கையை என் மாணவி ஒருவர் கொண்டுவந்தார். அதன் முதல் வரி, 'சிறு வயது முதலே பிரெஞ்சு மொழியின் இனிமை என்னைக் கவர்ந்தது' என்று இருந்தது. பிழையில்லாத பிரெஞ்சு, ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய வரி. படித்தவற்றில் உன்னை உறுத்திய ஒன்றைச் சொல்லம்மா என்றேன். சற்று யோசித்துவிட்டு, செனகலைச் சேர்ந்த உஸ்மான் செம்பேனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மார்செய் துறைமுகத்தில் சுமை இறக்கும் தொழிலாளியாக இருந்து, பிரெஞ்சில் நாவல்கள் எழுதிப் பெயர் பெற்ற அவர், 1960-களில் திரைப்படத்துக்கு வந்து, 1968-இல் தம் நாட்டு மக்கள் பேசும் வோலோஃப் மொழியிலேயே முழுநீளப் படம் எடுத்தது ஏன்? தம் மக்களில் பெரும்பாலோர் படிக்க முடியாத மொழியில் எழுதும் எழுத்தாளர் யாருக்காக எழுதுகிறார்? மாணவி இதைக் கேட்டபோது அவருடைய குரலே மாறியிருந்தது. அதையே முதல் வரியாக எழுதச் சொன்னேன். சிறு வயதுக் கதை அடுத்த வரைவில் தானாகவே காணாமல் போயிற்று.

கட்டுரையில் விடுபட்ட இன்னொன்று, பிரெஞ்சு இலக்கியமும் பிரெஞ்சு ஆய்வும் ஒன்றல்ல என்பது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் இலக்கியத்துக்கு ஒரு துறை இருக்க, பிரான்சின் வரலாறு, சமூகம், அரசியல் ஆகியவற்றுக்கெனத் தனியாக ஒரு பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கவிதையின் யாப்பை ஆராய விரும்பும் மாணவர் பின்னதற்கு விண்ணப்பித்தாலும், சமயத்தையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஆராய விரும்புபவர் முன்னதற்கு விண்ணப்பித்தாலும், தகுதி இருந்தும் தவறான கதவைத் தட்டியவர்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சு என்றால் பாரிஸ் என்ற காலமும் போய்விட்டது. பிரெஞ்சு பேசும் நாடுகளின் பன்னாட்டு அமைப்பு 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி உலகில் பிரெஞ்சு பேசுவோர் ஏறத்தாழ 32 கோடிப் பேர். அந்த மொழியை அன்றாடம் பயன்படுத்துவோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவில் வாழ்கிறார்கள். பிரெஞ்சு மொழியைப் பேணுவதற்காக 1635-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு அகாதெமியே 1983-இல் செனகலின் கவிஞர் செங்கோரையும் 2005-இல் அல்ஜீரியாவின் எழுத்தாளர் அஸ்ஸியா ஜெபாரையும் உறுப்பினராகத் தேர்ந்துகொண்டது. இருந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் இரண்டு மூன்று பேருக்கு அப்பால் எதையும் குறிப்பிடாத விண்ணப்பங்கள் இன்னமும் என் மேசைக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எழுத்து மாதிரியை, அதாவது விண்ணப்பத்துடன் மாணவர் அனுப்பும் சொந்த ஆய்வுக் கட்டுரையைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. விண்ணப்பத்தின் உயிர்நாடி அதுதான் என்பேன். 15 முதல் 25 பக்கம் வரை கேட்பார்கள். பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்பது இடத்துக்கு இடம் மாறும். பட்டப்படிப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய கட்டுரையைத் தூசி தட்டி அனுப்பினால் போதாது. நோக்க அறிக்கையில் எழுப்பிய கேள்விக்கு அருகிலாவது அது நிற்க வேண்டும். ஒரு பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக வாசித்து, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வரும் திறமை அதில் தெரிய வேண்டும்.

பரிந்துரைக் கடித விஷயத்தில் குற்றம் என்மீதும் உண்டு. வகுப்புக்குத் தவறாமல் வருவார், உச்சரிப்பு நன்றாக இருக்கும், ஒழுக்கமானவர் என்று பல ஆண்டுகள் ஒரே அச்சில் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அத்தகைய கடிதம் மாணவருக்குக் கெடுதல் செய்யாது என்று நினைத்திருந்தேன். பக்கத்து விண்ணப்பத்தில் ஒரு பேராசிரியர் மாணவரின் வாதத்தை எடுத்து விவாதித்து எழுதியிருக்கும்போது என் கடிதம் கெடுதல்தான் செய்யும். இப்போது எழுத்து மாதிரியைப் படிக்காமல் நான் கடிதம் எழுதுவதில்லை. அதற்குக் குறைந்தது ஒரு மாதம் வேண்டும் என்பதால், கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு வந்து நிற்பவர்களிடம் வருத்தத்துடன் மறுத்துவிடுகிறேன்.

நாட்டுக்கு நாடு முறை மாறுவதையும் கட்டுரை பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் பல துறைகள் இளநிலைப் பட்டதாரிகளை நேரடியாக முனைவர் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொண்டு, தொடக்கநிலைப் பிரெஞ்சு வகுப்புகளை நடத்தச் செய்து உதவித்தொகை தருகின்றன. வெறும் முதுகலைக்கு அந்த ஆதரவு அரிது. அங்கே முடிவெடுப்பது பெரும்பாலும் குழு. பிரான்சிலோ, முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளாவிட்டால் விண்ணப்பம் நகராது. அங்கு முதுநிலை என்பது இரண்டு ஆண்டுகள், 120 கிரெடிட். கேட்பது ஒரு பக்க அளவில் 'லெத்ர் த மோத்திவாசியோன்' என்னும் நோக்கக் கடிதம். அமெரிக்காவுக்கு எழுதிய இரண்டு பக்க அறிக்கையை மொழிபெயர்த்து அங்கே அனுப்புவது, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்வது போலத்தான். பிரெஞ்சு அரசின் ஐஃபெல் உதவித்தொகைக்கு மாணவர் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது. சேர விரும்பும் கல்வி நிறுவனம்தான் அவர் பெயரை முன்மொழிய வேண்டும். இது தெரியாமல் காத்திருந்து ஓராண்டை வீணாக்கியவர்கள் உண்டு.

கட்டுரையில் ஒரு சிறு திருத்தமும் வேண்டும். மொழிச் சான்றிதழ்கள் எல்லாம் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும் என்று அச்சாகியிருந்தது. அது டி.சி.எஃப். என்னும் இன்னொரு பிரெஞ்சுத் திறன் தேர்வுக்குப் பொருந்தும், டெல்ஃபும் டால்ஃபும் வாழ்நாள் முழுதும் செல்லும்.

இன்னொரு செய்தி இனிப்பானது அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் பிற மொழி படிப்போர் எண்ணிக்கை 2016-க்கும் 2021-க்கும் இடையில் 16.6 விழுக்காடு குறைந்ததாக அந்நாட்டின் நவீன மொழிச் சங்கம் கணக்கெடுத்திருக்கிறது. பிரெஞ்சும் அதில் தப்பவில்லை. மாணவர் குறைந்தால் கற்பிக்கும் இடங்களும் குறைகின்றன. ஆகவே விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன், அந்தத் துறை இவ்வாண்டு மாணவர்களைச் சேர்க்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுக்கொள்வது நல்லது. படித்து முடித்தவர்கள் எங்கே பணியாற்றுகிறார்கள் என்றும் கேட்கலாம்; அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அமெரிக்கத் துறைகள் பலவற்றின் கடைசித் தேதி டிசம்பரிலோ ஜனவரியிலோ வரும். உதவித்தொகையுடன் கிடைத்த இடத்தை ஏற்பதா என்று முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. இத்தகைய கட்டுரையை அடுத்த முறை தாங்கள் ஜூலை அல்லது ஆகஸ்டில் வெளியிட்டால், எழுத்து மாதிரியைத் திருத்தி எழுத மாணவர்களுக்கு நாள் கிடைக்கும். அதைப் படித்துப் பார்க்க எங்களுக்கும் கிடைக்கும்.

இப்படிக்கு,
பிரெஞ்சு ஆசிரியை ஒருவர்