ரிக்டரைக் கொன்றால் பாதிதான் முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ‘காசில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’ கேம் பற்றிய கட்டுரை கண்டேன். டிராகுலாவின் மகன் அலுகார்டாக நாம் டிராகுலாவின் கோட்டைக்குள் சுற்றும் கேம் இது. 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த இதை 2020 முதல் கைபேசியிலும் ஆட முடிகிறது. புதியவர்கள் பலர் உங்கள் கட்டுரையை நம்பித் தொடங்குவார்கள் என்பதால் ஒரு திருத்தம் அவசியம்.

சிம்மாசன அறையில் ரத்தக்காட்டேரி வேட்டைக்காரர் ரிக்டர் பெல்மான்டைக் கொன்றதும் கேம் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெயர்ப் பட்டியல் ஓடுவது உண்மைதான். ஆனால் அது தவறான முடிவு. தலைகீழாகத் தொங்கும் இரண்டாவது கோட்டை முழுக்கப் பாக்கி இருக்கிறது. மேப் 200.6 சதவீதம் வரை போவது அதனால்தான்.

அங்கே போக இரண்டு மோதிரங்கள் வேண்டும். தங்க மோதிரம் நிலவறைக் குகைகளில். ஆட்டத்தைச் சேமிக்கும் ‘சேவ்’ அறை போலவே தெரியும் ஓர் இடத்தில் சேவ் செய்யப் போனால் அலுகார்டுக்குத் தாயைப் பற்றிய கெட்ட கனவு வரும். அதில் வரும் சக்யுபஸ் என்ற பெண் பேயை வீழ்த்தினால் மோதிரம் கிடைக்கும். வெள்ளி மோதிரம் கோட்டையின் ராயல் சாப்பல் பகுதியில், முள் நிறைந்த பாதைக்கு அப்பால். அந்த முட்களை நொறுக்கும் ‘ஸ்பைக் பிரேக்கர்’ கவசம் கேட்டகோம்ஸ் பகுதியின் இருட்டறைக்குள் இருக்கிறது. அந்த அறையிலும் முட்கள்தான். எதிரொலியால் வழி காட்டும் ‘எக்கோ ஆஃப் பேட்’ என்ற பொருள் இல்லாமல் வௌவாலாக மாறிப் பறந்தால் ஒன்றும் தெரியாமல் அடிபட்டுக்கொண்டே இருப்பீர்கள். ஓல்ராக்ஸ் என்ற பெரிய எதிரியை வென்று அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போவதே முறை.

மோதிரங்களில் உள்ள குறிப்பில் ‘கடிகாரம்’, ‘கோபுரம்’ என்று வருவதால் பலரும் கடிகாரக் கோபுரத்துக்கு ஓடுகிறார்கள். போக வேண்டியது மார்பிள் கேலரியின் நடுவில் உள்ள கடிகார அறை. இரண்டு மோதிரங்களையும் ஒரே நேரத்தில் அணிந்து நின்றால் கீழே வழி திறக்கும். அங்கே ரிக்டரைத் தேடி வந்த மரியா ‘ஹோலி கிளாசஸ்’ என்ற மூக்குக்கண்ணாடியைத் தருவாள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூக்குக்கண்ணாடி கையிருப்பில் இருந்தால் மட்டும் போதாது, தலைக்கான இடத்தில் அணிய வேண்டும். அணிந்தால்தான் ரிக்டருக்கு மேலே மிதந்து அவரை ஆட்டிவைக்கும் பச்சை உருண்டை கண்ணுக்குப் படும். அடி முழுவதும் அதன் மேல் விழ வேண்டும்; அதை அழித்தால்தான் தலைகீழ்க் கோட்டைக்கு வழி பிறக்கும். ரிக்டரின் உயிர் தீர்ந்தால் மீண்டும் அதே தவறான முடிவுதான். ஆகவே அகலமாகப் பரவும் மந்திரங்களைத் தவிர்த்து, குதித்து வாளால் அடிப்பது நல்லது. முன்கூட்டியே சேவ் செய்துகொள்ளவும்.

தலைகீழ்க் கோட்டையில் விளாதின் (டிராகுலாவின் இன்னொரு பெயர்) இதயம், பல், விலா எலும்பு, மோதிரம், கண் ஆகிய ஐந்தும் சேர்ந்த பிறகே டிராகுலாவிடம் போகும் வழி திறக்கும். அந்த வழியும் கடிகார அறையில்தான், இம்முறை கவிழ்ந்த நிலையில். இவ்வளவு கவனமாகக் கட்டப்பட்ட ஒரு கேமைப் பாதியோடு மூடிவைக்கச் சொல்வது அதற்கு நியாயம் ஆகாது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கோயம்புத்தூர்