தங்கத்துக்கு அடியில் ஐந்து நானோமீட்டர்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓர் அளவீடு சரியாக வரட்டும், நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. சரி, வராத கதையையே எழுதுகிறேன்.

டைட்டானியம் டை ஆக்ஸைடு படலத்தின் மேல் தங்கம் பூசி மின்னோட்டம் அளந்துகொண்டிருந்தேன். தங்கத்தின் வெளியேற்று ஆற்றல், அதாவது அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே இழுக்கத் தேவையான ஆற்றல், சுமார் 5.1 எலக்ட்ரான் வோல்ட்; ஆக்ஸைடுடையதைவிட அதிகம். அதனால் இரண்டும் தொட்டதும் ஆக்ஸைடிலிருந்து எலக்ட்ரான்கள் தங்கத்துக்குப் போய்விடும். எல்லையை ஒட்டிய ஆக்ஸைடு காலியாகி, அங்கே ஒரு தடுப்பு எழும். 1938-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஷாட்கி விளக்கிய அதே தடுப்புதான். ஒரு பக்கம் மின்னோட்டம் தாராளமாகப் போக வேண்டும், மறுபக்கம் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். எனக்கோ வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நேர்கோடு!

கம்பியை மாற்றினேன், ஊசிமுனையை மாற்றினேன், கருவியைத் திட்டினேன். பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. தங்கம் ஆக்ஸைடின் மேல் ஒட்டாது, டேப் வைத்து இழுத்தால் உரிந்து வந்துவிடும். அதனால் அடியில் 5 நானோமீட்டர் டைட்டானியம் போட்டிருந்தேன். எல்லோரும் செய்வதுதான். அதை வெறும் பசை என்றே நினைத்திருந்தேன்.

டைட்டானியத்துக்கு ஆக்ஸிஜன் என்றால் அப்படியொரு பசி. கீழே இருந்த ஆக்ஸைடிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டது. வெளியேறும் ஒவ்வொரு ஆக்ஸிஜன் அணுவும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுச் செல்கிறது அல்லவா? எல்லையில் எலக்ட்ரான்கள் குவிந்து, தடுப்பு மெலிந்து, அவை அதைத் துளைத்தே போய்விட்டன. பளபளவென்று மேலே இருந்த தங்கத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

பூச்சு என்பது ஆக்ஸைடுக்குப் போட்ட சட்டை என்று நீ சொல்வாய், நானும் தலையாட்டுவேன். இனி ஆட்டமாட்டேன். 1978-இல் டாஸ்டர் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் இதே ஆக்ஸைடின் மேலிருந்த பிளாட்டினத்தை ஹைட்ரஜனில் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினார்கள். ஹைட்ரஜனைப் பிடித்து வைக்கும் திறனையே அது கிட்டத்தட்ட இழந்துவிட்டது. ஆக்ஸைடு மெல்ல ஊர்ந்து உலோகத் துகள்களை மூடிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. யார் யாருக்குச் சட்டை, சொல்!

அப்புறம், உன் டின் ஆக்ஸைடு வாயு உணரி. அதன் மேல் பல்லேடியம் உலோகத்தை இன்னும் தடிமனாகப் பூசலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அது தனித்தனிப் புள்ளியாக இருக்கும்வரைதான் பயன். காற்றில் பல்லேடியம் ஆக்ஸைடாகி எலக்ட்ரான்களை இழுத்து வைக்கும், மின்தடை ஏறும். ஹைட்ரஜன் பட்டதும் மறுபடி உலோகமாகி அவற்றை விட்டுவிடும், மின்தடை சரியும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் மின்னோட்டம் உலோகத்தின் மேலேயே ஓடிவிடும், ஆக்ஸைடு என்ன சொல்கிறது என்பதே காதில் விழாது.

அடுத்த வாரம் டைட்டானியம் இல்லாமல் நேராகத் தங்கம் பூசப் போகிறேன். உரிந்தால் உரியட்டும், அதற்குள் அளந்துவிடுவேன். வளைகோடு கிடைத்தால் உனக்குத்தான் முதலில் வரும். முழங்கால் வலி குறைந்ததா? அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

உன்,
பழைய அறைத்தோழன்