செக் என்ஜின் லைட்டை அணைத்துக் கொடுப்பது ரிப்பேர் ஆகாது

அனுப்புநர்:
2014 மாடல் பெட்ரோல் கார் உரிமையாளர், கோயம்புத்தூர்
(வண்டி எண், ஜாப் கார்டு, பில் நகல்கள் இணைப்பில்)

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர், தலைமை அலுவலகம்

பொருள்: உங்கள் கோவை கிளையில் தேவையில்லாமல் மாற்றப்பட்ட பாகங்களுக்கான பணத்தையும், என் பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) திருப்பித் தருவது குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். என் கார் 98,000 கிலோமீட்டர் ஓடியது. வாங்கிய நாளிலிருந்து என் கையில்தான் இருக்கிறது. ஆயில் மாற்றும் தேதி தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், உங்கள் சர்வீஸ் அட்வைசர் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொன்ன பதில்: "பத்து வருஷத்துக்கு மேல ஓடின வண்டிங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு வரத்தான் செய்யும்."

டேஷ்போர்டில் செக் என்ஜின் லைட் எரிந்ததால் வண்டியை உங்களிடம் விட்டேன். மைலேஜ் குறையவில்லை, இழுவை குறையவில்லை. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் பானெட்டுக்குள்ளிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். இதை அட்வைசரிடம் சொன்னேன், அவரும் ஜாப் கார்டில் எழுதிக்கொண்டார். நகலைப் பாருங்கள், இரண்டாவது வரியில் அவர் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஸ்கேனரில் வந்த கோளாறுக் கோடு (code) பி0420. கன்வெர்ட்டரின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டதாக, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியு சொல்லும் கோடு அது. கன்வெர்ட்டருக்குப் பின்னால் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் பின்பக்க ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். கோடை அழித்து வண்டியைக் கொடுத்தார்கள். லைட் அணைந்திருந்தது, நானும் நம்பி எடுத்துக்கொண்டு போனேன். சில நாளில் மறுபடி எரிந்தது. திரும்பப் போனால், "அப்ப கன்வெர்ட்டரே அவுட்டுங்க" என்றார்கள். அதையும் மாற்றி, கோடையும் அழித்துக் கொடுத்தார்கள். அதன் பிறகும் லைட் வந்துவிட்டது.

கோடை அழித்தால் லைட் உடனே அணையும் என்பது உங்கள் டெக்னீஷியன் யாருக்கும் தெரியாதது இல்லை. வண்டியில் கோளாறு அப்படியே இருந்தாலும் அணையத்தான் செய்யும். கன்வெர்ட்டரை ஈசியு மறுபடி சோதிக்க வேண்டுமென்றால் என்ஜின் நன்றாகச் சூடேறி, வண்டி ஓரளவு சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் லைட் திரும்ப எரியும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவருக்கு அது வர நாளாகும். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் பில் கட்டிவிட்டுப் போய்விடுவார். ரிப்பேர் சரியாகிவிட்டது என்பதற்கு அணைந்த லைட்டையே சாட்சியாகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு சேதமும் நடந்திருக்கிறது. கோளாறு பதிவான நேரத்தில் என்ஜின் எவ்வளவு சூட்டில் இருந்தது, என்ன வேகம், எவ்வளவு லோடு என்பதையெல்லாம் ஈசியு சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். அழிப்பதற்கு முன் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டேன். "பிரிண்ட் எடுக்கலைங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

அப்புறம் எங்கள் பகுதியில் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரை எடுப்பதற்கு முன், "ராத்திரி வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க, காலைல குளிர்ந்த என்ஜின்ல பாக்கோணும்" என்றார். மறுநாள் காலை ஸ்டார்ட் செய்து, சைலன்சர் முனையை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்தார். என்ஜினிலிருந்து புகையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டு குழாயும் கன்வெர்ட்டரும் சேரும் இடத்தில் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. டார்ச் அடித்துக் காட்டினார். ஜாயின்ட்டின் கீழ்ப்பக்கம் விரல் அகலத்துக்குக் கரி அப்பியிருந்தது. கழற்றியதும், கசியாமல் அடைப்பதற்காக உள்ளே இருந்த கேஸ்கெட் ஒரு ஓரத்தில் எரிந்து, விரலால் அழுத்தியதும் உதிர்ந்தது.

அந்தச் சந்து வழியாகப் புகை வெளியே போகும், இரண்டு புகைத் துடிப்புக்கு நடுவே வெளிக்காற்று உள்ளேயும் போகும். அந்தக் காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பின்பக்க சென்சாரைக் குழப்பிவிடும். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்சாரின் வோல்டேஜ் பெரிதாக ஆடாது, கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் மட்டும் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஏறி இறங்கும். இங்கே பின் சென்சாரும் ஆடியதால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று ஈசியு முடிவு கட்டிவிட்டது. காலை டிக் டிக் சத்தத்துக்கும் அந்தச் சந்துதான் காரணம். இரும்பு சூடேறி விரிந்ததும் சந்து குறுகி சத்தம் நின்றுவிடும். பி0420 வந்தால் முதலில் புகைக் கசிவைப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். ஜாப் கார்டில் எழுதியிருந்த சத்தத்தை யாராவது ஒருவர் காலையில் வந்து கேட்டிருந்தால் போதும்.

புது கேஸ்கெட்டுக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் வாங்கியது 900 ரூபாய். அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி வரை போய் வந்தேன், லைட் வரவில்லை, சத்தமும் இல்லை.

எனக்கு மிகவும் வலித்தது இதுதான். கன்வெர்ட்டரை மாற்றியவர்கள் அந்த ஜாயின்ட்டைக் கழற்றாமல் மாற்றியிருக்கவே முடியாது. கழற்றியவர்கள் எரிந்துபோன பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்து முடுக்கியிருக்கிறார்கள். உங்கள் பில்லில் கேஸ்கெட் என்ற வரியே இல்லை. கோளாறு அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது, பார்க்கவில்லை.

பழைய கன்வெர்ட்டரும் எனக்கு வந்து சேரவில்லை. கேட்டபோது ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். அதன் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருப்பதால் பழைய கன்வெர்ட்டருக்கும் சந்தையில் நல்ல விலை உண்டு என்பது ஊரறிந்த விஷயம். அது என் சொத்து. அதை ஸ்கிராப்பில் போட என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. புதிதாகப் போட்ட கன்வெர்ட்டருக்கு பில்லில் பார்ட் நம்பரும் இல்லை. கார் கம்பெனியின் அசல் பாகமா, வெளிச் சந்தைப் பாகமா என்பதை எதை வைத்து நான் தெரிந்துகொள்வது?

எனவே சென்சாருக்கும் கூலிக்கும் வாங்கிய 5,550 ரூபாய், கன்வெர்ட்டருக்கும் கூலிக்கும் வாங்கிய 39,300 ரூபாய், ஆக மொத்தம் 44,850 ரூபாயை முழுதாகத் திருப்பித் தாருங்கள். என் பழைய கன்வெர்ட்டரைக் கொடுத்துவிட்டு, புதிதாகப் போட்டதை நீங்கள் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. பழையது இல்லையென்றால் அதை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுத்தீர்கள் என்ற ரசீது வேண்டும். உங்கள் ஸ்கேனரின் நினைவகத்தில் என் வண்டியின் பதிவு இருந்தால் அதன் நகலும் வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடுதான். இந்தத் தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. எரிந்த கேஸ்கெட்டையும் நீங்கள் கழற்றித் தந்த சென்சாரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆட்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், இரண்டு பில்களின் நகல், ஜாயின்ட்டில் கரி படிந்திருந்த புகைப்படங்கள், மெக்கானிக் ஷெட் ரசீது.