ரம்மியோடு நிறுத்திவிடாதீர்கள், ஸ்லாட்டையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமாரபாளையத்தில் ரீசார்ஜ், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். ஆன்லைன் சூதாட்டம் பற்றி உங்கள் நாளிதழில் வரும் செய்திகளை விடாமல் படிக்கிறேன். பேச்செல்லாம் ரம்மியைப் பற்றித்தான் இருக்கிறது. என் கடைக்கு வருகிறவர்களின் போனில் இப்போது ரம்மி இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்ததும் பெரிய ரம்மி ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. அந்த இடத்துக்கு ஸ்லாட் வந்துவிட்டது. டெலிகிராமில் லிங்க் வருகிறது. அதை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடுத்த லிங்க் வருகிறது. நடத்துகிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கிரீனில் பழம், வைரம், ஏழாம் எண் என்று படங்கள் சுழலும். ஒரே படம் வரிசையாக நின்றால் பணம். ரம்மி திறமையா அதிர்ஷ்டமா என்று கோர்ட்டில் பல வருஷம் வாதம் நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாட்டுச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தும் விட்டது. ஸ்லாட்டில் அந்த வாதத்துக்கே வேலையில்லை. பொத்தானை அழுத்துவதைத் தவிர ஆடுகிறவர் செய்ய எதுவுமில்லை. அழுத்தின நொடியிலேயே முடிவு கணினிக்குள் தீர்ந்துவிடுகிறது. அப்புறம் சுழல்வது வெறும் காட்சி. முந்தின ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் தொடர்பு கிடையாது. "இவ்வளவு நேரமா விழல, இனிமே விழுந்தே ஆகணும்" என்று நம்பித்தான் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

தறி ஓட்டும் தம்பி ஒருவர் போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்தவர், நான் கேட்டதும் ஆடிக் காட்டினார். ஓர் ஆட்டத்துக்கு 20 ரூபாய். படங்கள் சுழன்று நின்றன. தங்கக் காசு மழையாகக் கொட்டியது, மேளம் மாதிரி சத்தம், நடுவில் பெரிய எழுத்தில் வெற்றி. "பாத்தீங்களாக்கா, விழுந்துருச்சு" என்றார். விழுந்தது 8 ரூபாய். 20 போட்டு 8 வந்தால் 12 நஷ்டம். அந்தக் காசு மழையில் அவருக்கு அது தெரியவேயில்லை. அடுத்த ஆட்டத்தில் இரண்டு வைரம் வரிசையில் நின்று மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நின்றது. "நூலிழைல போச்சு" என்று மறுபடி அழுத்தினார்.

பிரிட்டனில் இந்த ஆட்டம் அரசு உரிமத்தோடு நடக்கிறது. அங்கேயே 2021 அக்டோபர் இறுதியிலிருந்து, போட்ட பணத்துக்கு மேல் வராத ஆட்டத்தை வெற்றி போல் சத்தம் போட்டுக் காட்டக் கூடாது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டரை நொடியாவது ஆக வேண்டும். தானாகவே சுழலும் வசதியும் கூடாது. 2025-ல் ஓர் ஆட்டத்துக்கு 5 பவுண்டுக்கு மேல் கட்டக் கூடாது என்றார்கள், 25 வயதுக்குக் கீழே என்றால் 2 பவுண்டு. இங்கேயும் அப்படி உரிமம் கொடுத்து நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அனுமதித்து வரி வாங்குகிற நாடே பயந்து கட்டிவைத்த வித்தைகள் எல்லாம் நம் பிள்ளைகளின் போனில் கட்டில்லாமல் ஓடுகின்றன, அதைத்தான் சொல்கிறேன்.

"96 சதவீதம் திரும்பக் கிடைக்கும்" என்று அந்தத் தளங்களில் போட்டிருக்கிறார்கள். ஆயிரம் கட்டினால் 960 பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டுகிற தொகைக்கு அந்த 4 சதவீதம் போகிறது, வந்த பணத்தைத் திரும்பப் போட்டால் அதிலும் போகிறது. 20 ரூபாய் வீதம் நிமிஷத்துக்குப் பத்து ஆட்டம் என்றால் ஒரு மணி நேரத்தில் 12,000 ரூபாய்க்கு ஆடியாகிறது. அதில் 4 சதவீதம் 480 ரூபாய். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு போகும். இதுவும் அந்த 96 உண்மையாக இருந்தால்தான். நமக்கு வரும் லிங்க்கில் அதைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடையாது.

போனஸும் இதே கணக்குதான். ஆயிரம் கட்டினால் ஆயிரம் இலவசம் என்பார்கள். அதை வெளியே எடுக்க, போனஸைப் போல 35 மடங்குக்கு ஆடி முடிக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். 35,000 ரூபாய்க்கு ஆடி முடிப்பதற்குள் அதே 4 சதவீதத்தில் 1,400 ரூபாய் போகும். கொடுத்ததே ஆயிரம்தான்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதற்கு அப்புறம் நடப்பதுதான். பணம் கட்டுவது யுபிஐ-யில். ஒவ்வொரு முறையும் க்யூஆர் கோடில் வேறு வேறு ஆள் பெயர் வரும். எல்லாம் கமிஷனுக்கு வாடகைக்கு விட்ட வங்கிக் கணக்குகள். ஜெயித்த பணமும் அப்படி ஒரு கணக்கிலிருந்துதான் வரும். அது எங்கேயோ யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்து, அவர் புகார் கொடுத்துவிட்டால், பணம் வந்து சேர்ந்த கணக்கையும் முடக்குகிறார்கள். கடைக்கு வந்த ஓர் அம்மாவுக்கு அதுதான் நடந்தது. வீட்டுக்காரர் ஜெயித்த பணத்தை இந்த அம்மாவுக்குத் தெரியாமல் இவர் கணக்குக்கு எடுத்திருக்கிறார். கணக்கு முடங்கியது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருவதும் அந்தக் கணக்குக்குத்தான். சிலிண்டருக்கு அதைத்தான் நம்பியிருந்தேன் என்று சொல்லி, கவுன்டரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் பண்ணுங்கள் என்று சொன்னேன். "ஆடுனதுக்கு அவரையே உள்ள வெச்சுட்டா?" என்று கேட்டார். அந்தப் பயத்தில் தப்பே இல்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணப் பரிமாற்றத்துக்கு உதவுகிறவர் ஆகியோருக்குத்தான் தண்டனை. ஆடியவருக்கு இல்லை. ஒரே குற்றத்துக்கு இரண்டு சட்டம் இரண்டு விதமாகப் பேசினால் அந்த அம்மா எதை நம்பிப் புகார் கொடுப்பார்? பணம் போன உடனே சொன்னால்தான் அது கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பயந்து நாலு நாள் யோசித்தால் அந்த வாய்ப்பும் போச்சு.

2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டு மறைந்ததைக் கண்ணால் பார்த்தோம். இதில் கண்ணுக்குத் தெரிகிற கடையே இல்லை. பணத்தை விட்டவர் வாயைத் திறந்தால்தான் எந்தக் கணக்குக்குப் போனது, யார் லிங்க் அனுப்பினார் என்று போலீசுக்குத் தெரியும். அதனால், தானாக முன்வந்து புகார் கொடுக்கிறவர் மீது ஆடியதற்காக வழக்கு கிடையாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். அதுவரைக்கும் காவல்துறையாவது அப்படி ஓர் அறிவிப்பை வெளியிட்டு, தறிப்பட்டறைகளில் தமிழில் ஒட்ட வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தச் செய்திகளை அடுத்த முறை போடும்போது ஸ்லாட்டின் பெயரையும் சொல்லி, மேலே எழுதிய 4 சதவீதக் கணக்கை ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். அதை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.