விம்கோ நகருக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றன

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்கும் புறநகருக்கும் இடையே தினமும் வேலைக்கு வந்துபோகிறவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. தாம்பரம், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஒவ்வொரு ஊரிலும் நின்று நிதானமாக எழுதிய கட்டுரையாளர், வடக்கே வந்ததும் ஒரே வரியில் முடித்துக்கொண்டார்: "விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் வடபகுதி மக்களின் பயணச் சிரமம் பெருமளவு தீர்ந்துவிட்டது."

பொன்னேரியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படித்தேன். எங்கள் சிரமம் தீர்ந்த சேதியே எங்களுக்கு இப்படித்தான் தெரியவருகிறது. நன்றி.

விம்கோ நகர் எங்கே இருக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. திருவொற்றியூரில், சென்னை மாநகராட்சி எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு எல்லாம் தாண்டினால்தான் பொன்னேரி. அதற்கும் மேலே கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி. நாங்கள் மெட்ரோவில் ஏற வேண்டுமானால், அதே மின்சார ரயிலைப் பிடித்துத்தான் விம்கோ நகருக்கு வந்து சேர வேண்டும். அந்த ரயில் ஒழுங்காக வந்தால் நடுவில் ஏன் இறங்கப் போகிறோம்? நேராக சென்ட்ரலுக்கே போய்விடுவோமே. 2021 பிப்ரவரியில் அந்த மெட்ரோ பாதை திறந்தது நல்ல காரியம்தான், திருவொற்றியூர்க்காரர்களுக்கு. அவர்களுக்குக் கிடைத்ததை எங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டாம்.

நான் தி.நகரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவள். கல்யாணமாகி பொன்னேரிக்கு வந்ததிலிருந்து இந்த மார்க்கம்தான். மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக பார்க் ஸ்டேஷனுக்கு ஓடி, அங்கே தாம்பரம் வண்டியைப் பிடித்து மாம்பலம் போகிறேன். எங்கள் வண்டி கொருக்குப்பேட்டைப் பக்கம் வந்ததும் எல்லோரும் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவோம். சென்ட்ரல் கோபுரம் கண்ணுக்குத் தெரியாத குறைதான். அப்போது பேசின் பிரிட்ஜில் வண்டி நிற்கும். ஏன் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கி நடக்கிற ஆண்களைப் பார்த்து, நாமும் இறங்கலாமா என்று புடவை கட்டிய பெண்கள் யோசிப்பதைத் தங்கள் புகைப்படக்காரர் எடுத்திருக்கலாம். அலுவலகத்தில் விரல் வைக்கிற இயந்திரத்துக்கு பேசின் பிரிட்ஜ் தெரியாது. தாமதம் என்றால் அரை நாள் சம்பளம் போச்சு.

ஒருமுறை பொறுக்க முடியாமல் விசாரணை ஜன்னலில் கேட்டேன். உள்ளே இருந்தவர் தலையைத் தூக்காமல், "எக்ஸ்பிரஸ் போக வேண்டாமாம்மா?" என்றார். போகட்டும் ஐயா, யார் வேண்டாம் என்றது? டெல்லிக்கும் ஹவுராவுக்கும் விஜயவாடாவுக்கும் போகிற வண்டிகள், எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரத்தின் அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் போய்வருகிற சரக்கு வண்டிகள், சூளூர்பேட்டை வரை ஓடுகிற எங்கள் லோக்கல் எல்லாம் அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே தண்டவாளத்தில் போக வேண்டியிருக்கிறது. நிலக்கரிக்கு வழிவிட்டு மனிதர்கள் காத்திருக்கிற மார்க்கம் இது. கூடுதல் பாதை வேண்டும் என்று பயணிகள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். இன்னொன்று: காலையில் எல்லோரும் சென்னையை நோக்கித்தான் போகிறார்கள் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கூட்டத்தையும் பார்க்க வேண்டும். எங்களுக்கு இரண்டு பக்கமும் நெரிசல்தான்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. தெய்வாதீனமாக உயிர் போகவில்லை. அப்போதுதான் தங்கள் பத்திரிகையில் எங்கள் மார்க்கத்தின் வரைபடம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அச்சாகி வந்ததைப் பார்த்தேன். மறுநாள் நாங்கள் எப்படி வேலைக்குப் போனோம் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

எங்களுக்குப் பெயர் சூட்டுவதில் குறை வைத்ததில்லை. 2014 மத்திய பட்ஜெட்டில் பொன்னேரியை ஸ்மார்ட் சிட்டி ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். ரியல் எஸ்டேட்காரர்கள் அதை நம்பி பேனர் வைத்தார்கள், நாங்கள் அந்த பேனர் நிழலில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து எங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். மனை விலை சென்னைக்காரர்களுடையது, ரயில் மட்டும் எங்களுடையது. 2025 ஏப்ரலில் சென்னையின் முதல் ஏசி மின்சார ரயில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது, 105 ரூபாய் டிக்கெட் அதிகமா இல்லையா என்று தங்கள் பத்திரிகையில் விவாதமே நடந்தது. எங்களுக்கு ஏசி வேண்டாம். மின்விசிறி சுற்றுகிற பெட்டியும், மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறினால் இறக்கிவிட ஒரு போலீசும் போதும்.

பேருந்தில் போகலாமே என்பார்கள். மீஞ்சூர், மணலி வழியாகப் போனால் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர வேண்டும். தச்சூர் கூட்டுரோட்டுக்கு வந்து செங்குன்றம் வழியாகப் போகலாம், அங்கே இன்னொரு பேருந்து மாற வேண்டும். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். எனக்கு வேண்டிய நேரத்தில் பேருந்தும் இல்லை. வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைத்து 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போட்டிருக்கிறார்களே, கார் வைத்திருப்பவர்கள் பறக்கிறார்கள். பேருந்து, மெட்ரோ, மின்சார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் தருகிற 'சென்னை ஒன்று' செயலியும் 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. என் மகள் போனில் ஏற்றிக் கொடுத்தாள். டிக்கெட் உடனே வருகிறது. ரயில்தான் வர வேண்டும்.

இதையெல்லாம் தங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று என் கணவர் கேட்கிறார். தண்டவாளம் போடுவது தங்கள் வேலை இல்லை, சரி. ஆனால் இது தங்களால் முடியும். பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவே பராமரிப்புப் பணி என்று சொல்லி அடிக்கடி வண்டிகளை ரத்து செய்கிறார்கள். தாம்பரம் மார்க்கத்தில் ரயில் ரத்தானால் முதல் பக்கத்தில் கட்டம் போட்டு வருகிறது. எங்கள் மார்க்கத்துச் செய்தி உள்பக்கத்தில் திருமண வாழ்த்துக்குக் கீழே, சில சமயம் பணி நடக்கிற அன்று காலையிலேதான் வருகிறது. நான் பேப்பரைப் பிரிப்பதே ரயிலில்தான். ரத்து அறிவிப்பை முந்தைய நாளே, எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கிருந்து புறப்பட வேண்டியது என்ற விவரத்துடன் இரண்டாம் பக்கத்தில் போடுங்கள். "சில ரயில்கள் பகுதியளவு ரத்து" என்று மட்டும் போட்டால், அது எந்தப் பகுதி என்று நாங்கள் நடைமேடையில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பொன்னேரி.