மின்னோட்டம் ஏன் வெக்டர் இல்லை?

அன்பு மகளுக்கு,

நீ பாடம் சொல்லிக்கொடுக்கும் பையன் கேட்டதை எழுதியிருந்தாய். "மின்னோட்டத்துக்குத்தான் திசை இருக்கே, அப்புறம் ஏன் ஸ்கேலர்னு சொல்றாங்க?" கெட்டிக்காரப் பையன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடாதே.

கோளாறு நாம் மனப்பாடம் செய்யவைக்கும் வரையறையில்தான் இருக்கிறது. எண்மதிப்பு மட்டும் இருந்தால் ஸ்கேலர், திசையும் சேர்ந்தால் வெக்டர். நிறை, நேரம், வெப்பநிலை ஒரு பக்கம். விசை, திசைவேகம், இடப்பெயர்ச்சி மறுபக்கம். அதுவரை வண்டி ஓடும். மின்னோட்டம் வந்ததும் இடிக்கும். ஏனென்றால் வரையறையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறோம். அந்த அளவுகளை எப்படிக் கூட்டுவது என்பதுதான் மீதிப் பாதி. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய பாதி.

அவனை இரண்டு படம் வரையச் சொல். முதல் படத்தில் ஒரு புள்ளி. 3 நியூட்டன் விசை அதைக் கிழக்கே இழுக்கிறது, 4 நியூட்டன் விசை வடக்கே இழுக்கிறது. மொத்தம் 7 இல்லை, 5. இரண்டும் ஒரே பக்கம் இழுத்தால் 7, எதிரெதிரே இழுத்தால் 1. கோணத்தை மாற்ற மாற்ற 1க்கும் 7க்கும் இடையில் எதுவும் வரலாம். முக்கோணம் போடாமல் விடை கிடைக்காது.

இரண்டாவது படத்தில் இரண்டு கம்பிகள் ஒரு சந்திப்பில் சேர்ந்து மூன்றாவது கம்பியாகப் போகட்டும். ஒன்றில் 3 ஆம்பியர் வருகிறது, மற்றதில் 4. மூன்றாவதில் 7 ஆம்பியர். கம்பிகளை 90 டிகிரியில் வைத்தாலும் 7, 30 டிகிரியில் வைத்தாலும் 7, எப்படி வளைத்து நெளித்தாலும் அதே 7. சந்திப்புக்குள் வருகிற மின்னூட்டம் அங்கே தேங்கி நிற்காது, வந்தது அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். இதில் கோணத்துக்கு வேலையே இல்லை. 1845இல் இயற்பியலாளர் கிர்க்காஃப் சொன்ன விதி இதுதான். மின்னோட்டத்துக்கு நாம் போடும் அம்புக்குறி, கம்பியில் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. அதற்கு ஒரு பிளஸ், மைனஸ் போதும். (அவன் மேலும் நோண்டினால், மின்னோட்ட அடர்த்தி, அதாவது ஒரு புள்ளியில் ஓரலகுப் பரப்பைக் கடக்கும் மின்னோட்டம், வெக்டர்தான் என்பதையும் சொல்லி வை.)

மைனஸ் என்றதும் அதையே திசை என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேள், சிரித்துவிடுவான்.

எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. ஒரு புத்தகத்தை அட்டை மேலே தெரிய, தலைப்பக்கம் எதிர்ப்புறம் இருக்கும்படி மேசையில் வை. எதிர்ப்புற விளிம்பைத் தூக்கி நிறுத்து, அட்டை உன்னைப் பார்க்கும். பிறகு மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் 90 டிகிரி திருப்பு. அட்டை இடப்பக்கம் பார்க்க, புத்தகம் நேராக நிற்கும். மறுபடி முதலிலிருந்து, வரிசையை மாற்று. முதலில் படுத்தவாக்கிலேயே 90 டிகிரி திருப்பிவிட்டு, அப்புறம் எதிர்ப்புற விளிம்பைத் தூக்கு. இப்போது அட்டை உன்னைப் பார்க்கிறது, புத்தகம் பக்கவாட்டில் கிடக்கிறது! இரண்டு சுழற்சிக்கும் அளவு உண்டு, அச்சின் திசையும் உண்டு. ஆனாலும் எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. வெக்டர்களை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடைதான் வர வேண்டும். அதனால் இவ்வளவு பெரிய சுழற்சி வெக்டர் ஆகாது. மிகச் சிறிய சுழற்சிகளில் இந்த வேறுபாடு ஒன்றுமில்லாமல் போய்விடும். கோணத் திசைவேகத்தை, அதாவது ஒரு பொருள் எந்த அச்சில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதை, வெக்டர் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

அடுத்து அவன், அழுத்தம் ஏன் ஸ்கேலர் என்று கேட்பான் என்று நினைக்கிறேன். அசையாத நீரில் ஒரு புள்ளியில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். விசைக்குத் திசை கொடுப்பது அங்கே நாம் வைக்கிற பரப்பு. இதைச் சொல்லிவிடாமல், முதலில் அவனையே யோசிக்க விடு. என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
அப்பா