கைப்பேசியை அணைக்க வேண்டாம், மாரி

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மாரிமுத்து,

நலம். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள், சந்தோஷம். இங்கே பழைய லயங்களை இடித்துவிட்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் இப்போது செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் நிற்கின்றன. மற்றதை நேரில் பேசுவோம்.

கண் தெளிந்ததும் நீ செய்த முதல் காரியம், 'இன்றிரவு சூரியப் புயல், கைப்பேசியை அணைத்துவிடுங்கள்' என்ற வாட்ஸ்அப் செய்தியை எனக்குத் தள்ளிவிட்டதுதானா? சூரியப் புயல் கைப்பேசியை எரிக்காது. அதற்கு இரை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் மின்கம்பிகள். 1989 மார்ச் 13-இல் கனடாவின் கியூபெக்கில் மின் கட்டமைப்பே ஒன்றரை நிமிடத்தில் சரிந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் கிடந்தார்கள். காந்தத் துருவத்துக்கு அருகே இருப்பவர்களுக்கு வரும் வினை அது. நாம் இரு காந்தத் துருவங்களுக்கும் நடுவே ஓடும் காந்த நடுக்கோட்டை ஒட்டியவர்கள்.

நமக்கு விழும் அடி வேறு. அண்மையில் ஒரு மதியம் சிற்றலை வானொலியில் தூரத்து நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் தேய்ந்து தேய்ந்து அடியோடு மறைந்தது. அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் அளக்கும் எக்ஸ் கதிர் வரைபடத்தை இணையத்தில் திறந்தேன். காலையெல்லாம் படுத்துக்கிடந்த கோடு, 'எம்' வகுப்புக்குள் செங்குத்தாக ஏறியிருந்தது. சூரியச் சுடரின், அதாவது சூரியனில் திடீரென நிகழும் கதிர் வெடிப்பின், பலத்தை சி, எம், எக்ஸ் என்று பிரிப்பார்கள்; வகுப்புக்கு வகுப்பு பத்து மடங்கு. சுடர் வெடித்தால் பகலாக இருக்கும் பாதி உலகத்தில், வானத்தின் உயரத்தில் மின்னேறிய காற்றடுக்கான அயனி மண்டலத்தின் கீழடுக்கு சிற்றலையை விழுங்கிவிடும். அரை மணி நேரத்தில் குரல் திரும்பியது.

இதற்கு முன்னெச்சரிக்கை கிடையாது. ஒளி வர எட்டு நிமிடம். வெடிப்பு நம் கண்ணில் படும்போதே பாதிப்பும் வந்துவிடுகிறது. சூரியப் புள்ளிகளின் சிக்கலைப் பார்த்து, இன்று இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லத்தான் முடியும். கியூபெக்கைச் சாய்த்த காந்தப் புயல் அப்படியல்ல. சூரியன் உமிழும் பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேறிய துகள்களின் மேகம், வந்து சேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளாகும். வருகிறது என்று முன்பே சொல்லிவிடலாம். எவ்வளவு பலமாக என்பதுதான் கடைசிவரை இழுபறி. மேகத்தின் காந்தப் புலம் தெற்கு நோக்கியிருந்தால் பூமியின் புலத்தோடு பிணைந்து ஆற்றலை உள்ளே கொட்டும். வடக்கு நோக்கியிருந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்களை மேகம் தொடும்போதுதான் அந்தத் திசை சரியாகத் தெரியும். பிறகு நமக்குக் கிடைப்பது கால் மணி முதல் ஒரு மணி நேரம். அதற்குள் உன் வாட்ஸ்அப் வீரர்கள் எப்படித்தான் முந்திக்கொள்கிறார்களோ!

2024 மே 10-இல் வந்தது ஜி5, அதாவது உச்சத் தரம். 2003-க்குப் பிறகு அதுவே முதல். லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் ஜிபிஎஸ்ஸை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் வயலிலேயே நின்றன. இங்கே யாரும் கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

அந்த எல்1-இல் சூரியனை ஆராயும் இந்திய விண்கலம் ஆதித்யாவும் 2024 ஜனவரி முதல் இருக்கிறது. அதை அனுப்பியபோது திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், உன் தாத்தா கப்பலேறுமுன் மாடு மேய்த்த பக்கம். அந்த உறவுக்காகவாவது அடுத்த செய்தியை அனுப்பும் முன் ஒருமுறை முழுதாகப் படி.

என் இளையவன் டிரோனில் செம்பனைக்கு மருந்து தெளிக்கிறான். மார்ச், செப்டம்பர் வாக்கில் இருட்டிய பிறகு ஜிபிஎஸ் தள்ளாடுகிறது என்று புலம்புகிறான். புயலே இல்லாத நாளிலும் அது நடக்கும். பொழுது சாய்ந்ததும் நம் தலைக்கு மேல் அயனி மண்டலத்தில் பிளாஸ்மா குமிழிகள் எழுந்து ஜிபிஎஸ் அலைகளைக் குலைக்கும். காந்த நடுக்கோட்டுக்காரர்களின் சொந்தத் தொல்லை. எடுத்துச் சொன்னால் டிரோன் விற்றவனைத்தான் திட்டுகிறான்.

தைப்பூசத்துக்கு வருவதானால் முன்கூட்டியே எழுது. ஈப்போவுக்கு என் காரிலேயே போகலாம்.

அன்புடன்,
சுப்பையா